புறாவைப் பிடித்தது யார்?

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளை 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையில் மைக் இருந்ததே இல்லை. தேவைப்பட்டதும் இல்லை. கீழ்த்தளத்தில் அவள் வாயைத் திறந்தால் மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்து கண்ணயரும் காவலாளி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொள்வான்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளை டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார வைத்தார்கள். ஒருநாள் வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்கென்று பார்த்து ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். "நீங்க போய் ஏதாவது சொல்லிட்டு வாங்கம்மா" என்று மேலாளர் கையைப் பிசைந்தார். அவளும் போய் ஏதாவது சொன்னாள். சாயங்காலம் பிள்ளைகள் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். அதற்குப் பிறகு டிக்கெட் ஜன்னலுக்குத்தான் வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

அவளுடைய ராஜ்ஜியம் உடன்படிக்கைக் கூடம். நடுவில் நீளமான கருப்பு மேசை. ஒரு காலத்தில் இந்த நாடும் பக்கத்து நாடும் மல்லுக்கட்டி ஓய்ந்து சமாதானம் செய்துகொண்டபோது இரண்டு ராஜாக்களும் கையெழுத்துப் போட்ட மேசை. அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மைக் அக்காவின் பிழைப்பே அந்தக் கறைதான் என்று சொல்லலாம்.

"பக்கத்து நாட்டு ராஜா பேனாவ எடுத்தாரு. கை வெடவெடன்னு நடுங்குது! நெத்தியில வேர்வை! மைக்கூடு கவுந்துது பாருங்க... தோ, அந்த மைதான் இது!" என்பாள். தன் கையையும் நடுக்கிக் காட்டுவாள். பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துவார்கள், பெரியவர்கள் கைதட்டுவார்கள். பழைய வழிகாட்டி அவளிடம் சொல்லிக்கொடுத்தது, இது மைக்கறை என்பதை மட்டும்தான். கைநடுக்கம் அவள் சேர்த்தது. வேர்வை போன வருஷம் சேர்ந்தது.

இவளுக்கு நேரெதிர் இவளுடைய அண்ணன். வெளியுறவுத் துறையில் அறிக்கை எழுதியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். நாட்டுக்கு எப்போதெல்லாம் கோபம் வந்ததோ, அப்போதெல்லாம் அதைத் தண்ணீர் கலந்து பத்திரிகைக்குக் கொடுத்தது அவர்தான். வீட்டிலும் அதே பேச்சு. சாப்பாடு எப்படி என்று கேட்டால் "திருப்திகரம்" என்பார். பல்வலியில் துடிக்கும்போதும் "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்துவருகிறேன்" என்பார். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் 'நம் உறவு வரும் காலத்தில் மேலும் வலுப்பெறும் என நம்புகிறேன்' என்று எழுதியதை அண்ணி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் தங்கை வீட்டில் சேர்ந்து சாப்பிடும். சாப்பாட்டோடு சண்டையும் உண்டு.

"கை நடுங்குச்சுன்னு நீ பாத்தியா பாப்பா?"

"நடுங்கலன்னு நீங்க பாத்தீங்களாண்ணே?"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷனை இருவரும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "மச்சான், நான் அணிசேரா நாடு" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த தூதர் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் தன் இரண்டு பெண் குழந்தைகளோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் வந்துவிட்டார். மைக் அக்காவுக்கு அவர் யாரென்று எப்படித் தெரியும்? வழக்கம்போல முழு வேகத்தில் சொன்னாள். கையை நடுக்கினாள். அப்போது அவருடைய சின்னப் பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அப்பா, பயந்தது நம்ம ராஜாவா?"

தூதர் புன்னகை மாறாமல் "பரவாயில்லம்மா, வா" என்று பெண்ணின் தலையைத் தடவினார். மைக் அக்காவுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். தூக்கிய அவள் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

வந்துபோனது தூதர் என்று தெரிந்ததும், அடுத்த வாரம் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசுக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாமல் பென்சிலைக் கடிப்பவர்.

"அக்கா, அந்தக் கறை மைதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமே சார்."

"எல்லாருன்னா?"

"நான் சொன்ன எல்லாருக்கும்."

இயக்குநர் பென்சிலின் மறுமுனையைக் கடிக்க ஆரம்பித்தார். மேசைக்கு எதிர்ச்சுவரில் புது விளக்கப் பலகை வைக்கலாம் என்று மூன்று பேராசிரியர்களை வரவழைத்தார். ஒருவர் "நாம் வென்றோம் என்று போடுங்கள்" என்றார். இன்னொருவர் "போர் முடிவுக்கு வந்தது, அவ்வளவுதான்" என்றார். மூன்றாமவர் "யாருடைய பார்வையில்?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார். பலகைக்கு அடித்து வைத்த ஆணி மட்டும் சுவரில் நின்றது.

கடைசியில் இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. ஊர் ஜனங்களைக் கூப்பிட்டு, கூடத்திலேயே ஒரு விவாதம் வைத்தால் என்ன? நாட்டின் கதையைச் சுவையாகச் சொல்வதா, அளந்து சொல்வதா? சுவைக்கு மைக் அக்கா இருக்கிறாள். அளவுக்கு வெளியுறவுத் துறையில் ஆள் கேட்டால், பதவியில் இருப்பவர்கள் ஒருவரும் பிடிகொடுக்கவில்லை.

"எங்க வீட்டுலயே ஒருத்தர் சும்மா இருக்காரு சார்" என்றாள் மைக் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு பாதியில் ஆறிப்போனது.

"உன் பக்கத்துல வாதமே இல்ல பாப்பா. வெறும் சத்தம். சத்தத்த யாரு வேணாலும் போடலாம்."

"உங்க பக்கத்துல மட்டும் என்ன வாழுது? நாலு வார்த்தைய மாத்தி மாத்திப் போட்டா ஒரு அறிக்கை. தூக்கத்துல கூடச் சொல்லுவேன்."

"எங்க, சொல்லு பாப்போம்!"

"நீங்க ஒரு கதை சொல்லுங்க பாப்போம்!"

"அப்ப ரெண்டு பேரும் பக்கத்த மாத்திக்கோங்க" என்றார் அவள் புருஷன். அணிசேரா நாடு தலையிட்டது அதுதான் முதல் தடவை. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க இருவருக்கும் வீம்பு இடம் கொடுக்கவில்லை.

வீம்பு வேறு, வேலை வேறு. அளந்து பேசுவது எப்படி என்று மைக் அக்காவுக்கு அடியும் தெரியவில்லை, நுனியும் தெரியவில்லை. கௌரவத்தை விட்டு அண்ணன் வீட்டுக்கே போனாள்.

"ஏண்ணே, 'கவலை'ங்கிறீங்க, 'ஆழ்ந்த கவலை'ங்கிறீங்க, 'வருத்தம்'ங்கிறீங்க. இதுக்கெல்லாம் என்ன வித்தியாசம்?"

அண்ணன் சிரிக்கவில்லை. "ஒரு தடவ நான் 'வருந்துகிறோம்'னு எழுதிக் கொடுத்தேன். அமைச்சர் கூட்டத்துக்குப் போற வழியில, கார்ல உக்காந்துக்கிட்டே அத அடிச்சிட்டு 'கண்டிக்கிறோம்'னு போட்டாரு. கைதட்டு வாங்கணும்னு ஆசை. வாங்கினாரு. மறுநாள் காலைல அவங்க எல்லைக் கதவ மூடிட்டாங்க. மக பிரசவத்துக்குன்னு அந்தப் பக்கம் போன ஒரு அம்மா பல மாசம் திரும்ப முடியாம மாட்டிக்கிச்சு. அது தினமும் எங்க ஆபீசுக்கு போன் பண்ணும். எடுத்துப் பேசினது நான்தான்."

கைதட்டு என்ற சொல் மைக் அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பஸ் நிறுத்தம்வரை அந்தச் சின்னப் பெண்ணின் முகம் கூடவே வந்தது.

விவாதத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தூதர், பக்கத்தில் அண்ணி. மைக் அக்கா முதலில் எழுந்தாள்.

"மதிப்பிற்குரிய அவையினரே, இந்த விவாதம் இணக்கமான சூழலில் நடைபெறும் என்று எதிர்பார்க்கிறோம்" என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். மேல்தளத்துக் காவலாளி, அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று கைப்பிடியோரம் வந்து எட்டிப் பார்த்தான். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எல்லைக் கதவின் கதையைச் சொன்னாள். நடிப்பில்லை, கை நடுக்கமில்லை. "ஒரு வார்த்தை தப்பினால் அதற்கு விலை கொடுப்பவர்கள் மேடையில் இருப்பதில்லை" என்று முடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பேசி முடித்து ஒருவர்கூடக் கைதட்டாதது அன்றைக்குத்தான். அவளுக்கு அது குறையாகவே படவில்லை.

அடுத்து அண்ணன். "வரலாறு சுவைபட எடுத்துரைக்கப்பட வேண்டியதன் அவசியம் குறித்து..." என்று இழுத்தார். இரண்டாவது வாக்கியத்தில் பின்வரிசை கொட்டாவி விட்டது. அவர் தங்கையைப் பார்த்தார். கொட்டாவி விடும் பிள்ளைகளிடம் காட்டுவதுபோல் அவள் பழக்கத்தில் புருவத்தை உயர்த்தினாள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"ஒரு புறா வந்துச்சு" என்றார்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆத்துத் தண்ணிப் பேச்சுவார்த்தை. எனக்கு அப்ப கோப்பு தூக்கி, அறிக்கை எழுதுற வேலை. ரெண்டு அமைச்சரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. யாரு ஜன்னலப் பாத்து உக்கார்றதுன்னே காலைப் பொழுது போயிருச்சு. மத்தியானம் அந்த ஜன்னல் வழியா ஒரு புறா உள்ள வந்துச்சு! நேரா அவங்க அமைச்சர் கோப்பு மேல உக்காந்துச்சு. அவரு 'சூ'ன்னாரு. எங்க அமைச்சர் தலையில வந்து உக்காந்துச்சு! எங்காளு நல்ல கனமான உடம்பு. நாற்காலி மேல ஏறிட்டாரு. அவங்காளு கோட்டைக் கழட்டி வலை மாதிரி வீசுறாரு. வீசின வேகத்துல திரைச்சீலை கம்பியோட பிடுங்கிட்டு ரெண்டு பேரு மேலயும் விழுந்துச்சு! உள்ளேருந்து சத்தமே இல்ல. நாங்க வெலவெலத்துப் போயிட்டோம். அப்புறம் சிரிப்புச் சத்தம் வருது. வெளிய வந்தா, புறா எங்க அமைச்சர் கையில, அவரு கண்ணாடி அவங்க அமைச்சர் மூக்குல! சாயங்கால டீக்குள்ள தண்ணி பேசி முடிஞ்சுது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'பேச்சுவார்த்தை இணக்கமான சூழலில் நடைபெற்றது.' அதுல புறா எங்கய்யா? புறா இல்லாம அது என்ன கதை?"

அவர் போட்ட சத்தத்தில் காவலாளி தொப்பியைத் தேடினான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தூதர் எழுந்தார். "ஐயா சொன்னது உண்மை. எங்க துறையில புதுசா சேர்றவங்களுக்கு இந்தக் கதையச் சொல்லித்தான் வேலையே ஆரம்பிப்பாங்க. ஒரே ஒரு திருத்தம். புறாவப் பிடிச்சது எங்க அமைச்சர்."

அண்ணனின் முகம் சிவந்தது. "மன்னிக்கணும். பிடிச்சது எங்க அமைச்சர். நான் கண்ணால பாத்தேன்."

"புறா சிக்கினது எங்க கோட்டுல!"

"கோட்டு உங்களுது. கை எங்களுது!"

தூதரகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் என்று கூடம் இரண்டாகப் பிரிந்தது. இயக்குநர் பென்சில் இல்லாமல் விரலையே கடித்தார். வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தையும் கூட்டிப் பேசாத அண்ணன் ஒரு புறாவுக்காக வரிந்துகட்டி நிற்பதைப் பார்த்து அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைக் அக்கா எழுந்தாள். அதே மெல்லிய குரல்.

"புறா, இரு தரப்பின் ஒத்துழைப்போடு, எவ்விதச் சேதமுமின்றி வெளியேறியது. அதன் எதிர்காலம் சிறக்க இரு நாடுகளும் வாழ்த்துகின்றன."

முதலில் சிரித்தது தூதர்தான். அப்புறம் அண்ணன். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், புறா விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காமல். எந்தப் பக்கம் ஜெயித்தது என்று சொல்ல வந்த இயக்குநருக்கு யார் எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. டீ தயாராக இருக்கிறது என்று அறிவித்துத் தப்பித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல இத எங்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லலையே?"

"அது ரகசியம்."

"புறாவா?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

சில நாளில் துறையிலிருந்து அண்ணனிடம் விளக்கம் கேட்டார்கள், ஓய்வுபெற்றவர் உள்விவகாரத்தை எப்படி வெளியில் பேசலாம் என்று. 'மேற்படி பறவை குறித்து மேலும் கூறுவதற்கு எதுவும் இல்லை' என்று பதில் எழுதி அனுப்பினார். தங்கள் வாசகமே தங்களிடம் திரும்பி வந்ததும் அவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மேசைக் கதைதான் மைக் அக்காவைப் படுத்தியெடுத்தது. நடுக்கம், வேர்வை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாள், வருஷம் மட்டும் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டி விளையாடினார்கள். மனசு கேட்கவில்லை. தூதரகத்துக்கு போன் போட்டு, உங்கள் புத்தகங்களில் இந்தக் கையெழுத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று நேராகவே கேட்டாள். தூதர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், அவர்கள் கதையில் மையைக் கொட்டியது இந்த நாட்டு ராஜாவாம். சமாதானம் கிடைத்த சந்தோஷத்தில் கைகால் புரியாமல் கொட்டிவிட்டாராம்.

இப்போது அவள் இரண்டு ராஜாவாகவும் நடிக்கிறாள். "நாங்க சொல்றது இப்படி" என்று ஒரு நடுக்கம், "அவங்க சொல்றது அப்படி" என்று இன்னொரு குதியாட்டம். "யாரு சொல்றது நிஜம்?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது கண்ணு" என்கிறாள். அதைச் சொல்லப் பழக அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கைதட்டு குறைந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் வெளியே போகும்போது தங்களுக்குள் அடித்துக்கொண்டே போகிறார்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி தட்டை வைத்ததும் "இன்னும் என்னென்ன ரகசியம் இருக்கு, எடுத்து விடுங்க" என்கிறாள். அண்ணனும் கூச்சம் விட்டுப்போய் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார். போன வாரம் ஒரு ஜனாதிபதியின் செருப்பு தொலைந்த கதை. அதில் நாய் ஒன்று வந்தது, அப்புறம் அது இரண்டு நாயானது.

"அண்ணே, ரெண்டாவது நாய நீங்க பாத்தீங்களா?" என்றாள் தங்கை.

"குறுக்க பேசாத பாப்பா" என்றார் அண்ணன்.