வாசலைப் பார்த்த பீரங்கிகள்

செங்கமலம் தைத்த ஜாக்கெட் பிரிந்துபோனது என்று சொல்ல சுங்குவார்சத்திரத்தில் இன்றுவரை ஒரு பொம்பளை பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஒரே ஒரு தையல் மெஷினை மிதித்து மிதித்தே கீழே கடை, நடுவில் வீடு, மொட்டை மாடியில் வாடகைக்கு ஓர் அறை என்று எழுப்பிவிட்டாள். அந்தச் சுவரில் அண்ணன் தம்பி வாங்கிக் கொடுத்த செங்கல் ஒன்றுகூடக் கிடையாது. அதை அவள் யாரிடமும் சொல்லாமல் விட்டதும் கிடையாது.

2010இல் அந்த மாடி அறைக்கு மாசானமும் பேச்சிராஜும் குடிவந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம், ஒரே ஊர். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். மாசானம் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் மூன்று மணிக்குத்தான் திரும்புவான். பேச்சிராஜ் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமையில்தான் ஒருவன் முகத்தை மற்றவன் சரியாகப் பார்ப்பான்.

ஒரு நாள் மாசானம் கடைக்கு வந்து, இருப்பதிலேயே சின்ன பிரஸ் பட்டனாக ஒரு பாக்கெட் கேட்டான்.

"இன்னாப்பா, ஜாக்கெட் போடப் போறியா?" என்றாள் செங்கமலம். அளவு கொடுக்க வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பொம்மை யுத்த டாங்கியை எடுத்து மேஜைமேல் வைத்தான். ரீசார்ஜ் கடைக்காரன் சிம்மை எடுத்துக்கொண்டு வீசிவிடும் பிளாஸ்டிக் அட்டைதான் உடம்பு. பீரங்கிக் குழாய்க்குப் பேனா ரீஃபில். சக்கரம் வைக்கத்தான் பட்டன். பேச்சிராஜ் பிரவுசிங் சென்டரில் கண்டுபிடித்த விளையாட்டாம். இரண்டு படை மேஜையில் நிற்கும். ஸ்கேலால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். வெளிநாட்டு பொம்மை வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால் கையாலேயே செய்கிறார்கள். இதை ஆடுகிறவர்கள் எல்லோரும் பொங்கல் லீவில் சென்னையில் கூடுகிறார்களாம். வர்ணம் பூசாத வண்டியை அங்கே மேஜையில் ஏற்றமாட்டார்களாம்.

யுத்தத்தைப் பற்றிச் செங்கமலத்துக்கு ஒரு அக்கறையும் இல்லை. அவள் கண் போனது அட்டையை வெட்டியிருந்த விதத்தின்மேல்.

"இத்த யாரு வெட்டினது? ஒரு தோளு எறங்கிகினு கீதே" என்று கையில் எடுத்தவள், திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜாக்கெட்டுக்கு வெட்டுவதுபோல முதலில் பேப்பரில் அளவு போட்டாள். அதை அட்டைமேல் வைத்து அரை டஜன் உடம்பை ஒன்றுபோல வெட்டித் தள்ளினாள். பழைய ஜிப்பின் பல்வரிசை டாங்கியின் சங்கிலிப் பட்டையானது. பின்னால் கயிறு கட்டும் கொக்கிக்கு ஜாக்கெட் ஹூக். பட்டனின் ஒரு பாதியை உடம்பிலும் மறு பாதியைப் பீரங்கித் தலைக்கு அடியிலும் ஒட்டி அழுத்தினாள். தலை கச்சிதமாக உட்கார்ந்துகொண்டு, விரல் பட்டாலே சுழன்றது. அந்த யோசனை முழுக்க அவளுடையது. மாசானமே ஒப்புக்கொண்டான்.

மாசானத்தின் படைக்குப் பச்சை, பேச்சிராஜின் படைக்கு மணல் நிறம். கம்ப்யூட்டரில் எடுத்த படத்தைப் பார்த்து, திட்டுத் திட்டான நிறத்தைக் காகிதத்தில் ஓட்டை வெட்டி, ஷோல்டர் பேட் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தாள். எல்லாம் முடிந்து பளபளவென்று நின்றபோது, இனி சேறு பூச வேண்டும் என்றான் மாசானம். போருக்குப் போன வண்டி அப்படித்தான் இருக்குமாம்.

"புதுசா தெச்ச ஜாக்கெட்டுல சேத்தப் பூசிக் குடுப்பேனாடா நான்?" என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஏரி வண்டலைக் காயவைத்து, மெல்லிய வாயல் சேலைத் துணியில் சலித்து, கோந்தில் குழைத்துச் சக்கரத்தோரம் தடவினாள். பூசிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

எதிர் டீக்கடைக் கன்னியப்பனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "பொங்கலுக்கு என் டாங்கி மெட்ராஸ் போவுது. பாக்கறதுக்கு ஜனம் வரும்." கன்னியப்பன் அதை டீயோடு சேர்த்து எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்தான். டெல்லி பரேடுக்கு எப்போது என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடக் கேட்டார்கள். கேட்கட்டும். போய்வந்து பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பழகிக்கொள்ளப் பையன்கள் அறையில் கேரம் போர்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஷிப்டுக்கு ஒரு முறை. ஒருவன் ஆடி வைத்துவிட்டு வேலைக்குப் போவான், மற்றவன் வந்து ஆடுவான். பகடையை ஆளில்லாமல் தனியாக உருட்டுவதுதான்; நம்பிக்கைதான் சாட்சி. பீரங்கி எதிரியைப் பார்த்திருந்தால் உடனே சுடலாம். வேறு பக்கம் பார்த்திருந்தால் அதைத் திருப்புவதற்கே அந்த முறை செலவாகிவிடும்.

செங்கமலத்துக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. பேச்சிராஜ் கிளம்பியதும், மதியம் துணி எடுக்க மாடிக்கு வருவாள். பூட்டிய அறைக்குள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். கரண்ட் பில் யார் வீட்டுப் பில்? இடுப்புச் சாவியால் திறந்து ஃபேனை நிறுத்துவாள். அப்படியே தன் டாங்கிகளை ஒரு கண் பார்ப்பாள். பச்சைப் படையின் பீரங்கிகள் நேராக வாசற்படியைக் குறிவைத்து நிற்கும். லட்சுமி வருகிற வாசலில் பீரங்கியா? ஒவ்வொன்றின் தலையையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவாள்.

மார்கழி பாதியில் மாசானம் கடைக்கு வந்து, மாசக் கடைசியில் ஒரகடத்தில் வேறு ரூமுக்குப் போகிறேன் என்றான். பச்சைப் படையும் அவனோடு போகிறதாம். என்ன சண்டை என்று கேட்டாள்.

"பகடையில கூட அவன் ஏமாத்துதான்க்கா" என்றதற்கு மேல் அவன் வாய் திறக்கவில்லை.

பேச்சிராஜைக் கேட்டால், தோற்கிறவன் சாக்குச் சொல்கிறான் என்று முடித்துக்கொண்டான்.

செங்கமலத்துக்குத் தையல் ஓடவில்லை. ஒரு படை மட்டும் போய் யாரோடு மோதும்? மெட்ராஸ் பயணம் அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி நடக்காதது ஒன்றும் இல்லை. முதல் முறையாகக் கன்னியப்பன் கடைப் பக்கம் திரும்பாமல் ஷட்டரைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பையன்கள் கேரம் போர்டின் இரு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆட்டத்தை நேருக்கு நேர் முடித்துவிடலாம் என்று பேச்சிராஜ் பிடித்து உட்கார வைத்திருக்கிறான். செங்கமலம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இப்படி அடித்துக்கொண்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று தொடங்கினாள். வாய் பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குப் பச்சை டாங்கிகளின் தலையை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பியது.

மாசானம் கையில் பகடையோடு அப்படியே இருந்தான்.

"யக்கா, இத தெனமும் செய்வியளா?"

"பின்னே? ஃபேன நிறுத்த வர்றப்பல்லாம் நாந்தான் திருப்பி வெக்கறேன். வூட்டு வாசலப் பாத்துகினு பீரங்கி நிக்கலாமா? உங்களுக்குத்தான் அந்த அறிவு கெடையாது."

"அப்படியே கேளுலே," என்றான் பேச்சிராஜ், "எனக்குப் பகடை உருட்டினதும் அக்காதானான்னு."

மாசானம் தட்டை எடுத்து, குழம்பில் தலைத் துண்டாகப் பார்த்து முதலில் அவனுக்குப் போட்டான்.

பிறகு விதியை அவளுக்கு விளக்கினார்கள். கேட்டுவிட்டு அவள் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஆட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தால் வீட்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்றாள். கேரம் போர்டைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினாள். இப்போது ஒரு படை ஜன்னலைப் பார்த்தது, மற்றது அலமாரியைப் பார்த்தது.

"இதுக்கா ரூம காலி பண்றே?"

பொங்கல் லீவில் மூவரும் பஸ் ஏறினார்கள். தி.நகரில் ஒரு மாடி ஹால். குனிந்து குனிந்து பார்த்தவர்கள் எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டார்கள். செங்கமலம் மெஷின் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தாள். ஆட்டம் தொடங்கியது. மாசானத்தின் பீரங்கிகள் அத்தனையும் நேராக ஹால் வாசலைப் பார்த்து நின்றன. அவள் கை ஒரு தடவை எழுந்தது. பிடித்து இறக்கி, பட்டு முந்தானையை விரல்களில் சுற்றிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை நின்றாள்.

மறுநாள் கன்னியப்பன் விசாரித்தான். ஜனம் வந்தது, படம் பிடித்தது எல்லாம் சொன்னாள்.

"பீரங்கிலாம் வாசலப் பாத்துகினே நின்னுது. நான் தொடவே இல்ல. சும்மா நின்னேன்."

"சும்மா நிக்கறதுக்கா பட்டுப் பொடவ கட்டிகினு போனே?" என்றான் கன்னியப்பன்.