அவள் தட்டில் என்ன இருந்தது?

அறுபதுகளில் ஒரு ஐப்பசி. என் மனைவிக்கு அந்த வருடத்தில் மூன்றாவது காய்ச்சல். அலுப்போடுதான் பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"ஊர்ல எந்தக் காய்ச்சல் வந்தாலும் மொதல்ல இவளத்தான் புடிக்குது" என்று நர்ஸம்மாவிடம் சலித்துக்கொண்டேன்.

"நேத்து வீட்டுல என்ன சாப்பாடு?"

"வஞ்சிரம் கொழம்பு, வறுவல்" என்றேன்.

"அவுங்க என்ன சாப்ட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மனைவிதான் மெல்லச் சொன்னாள். "பழைய சோறு, ஊறுகா. மீன் இவுங்களுக்கும் புள்ளைங்களுக்குமே சரியாப் போச்சு."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "மாத்திரை குடுக்குறேன். ஆனா ஒடம்புல சத்தே இல்லன்னா, நோய எத வச்சி எதுத்து நிக்கும்?"

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியவள், கண் விழித்ததும் கேட்டாள்: "பசிக்குதாங்க?"

கல்யாணமான ஒன்பது வருடத்தில் நான் அவளை ஒருநாளும் கேட்காத கேள்வி அது.