டிக்கியில் நாலு துண்டு

டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன் ஸ்டெப்னி இல்லாமல்கூட ஒரு நாளை ஓட்டிவிடலாம். டிக்கியில் துண்டு இல்லாமல் ஓட்டவே முடியாது. இதை நம்பாதவர்கள் வெளிநாட்டுக்காரர்களை வண்டியில் ஏற்றிப் பழகாதவர்கள். பழகிய என் சக பாவிகள் இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

1993-இல் ஒரு பழைய அம்பாசிடரோடு திண்டிவனம் ஸ்டாண்டுக்கு வந்தவன் நான். பெயர் ஏழுமலை, ஊர் பிரம்மதேசம். எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஆனால் இங்கே எழுதப்போவது யூர்கன், இங்க்ரிட் என்கிற ஜெர்மன் தம்பதியைப் பற்றி மட்டும். வருடாவருடம் தை பிறந்ததும் வந்துவிடுவார்கள். வேறு வண்டியில் ஏற மாட்டார்கள். அவர்கள் பேசியது நல்ல இங்கிலீஷ், நான் பேசியது ஓட்டை இங்கிலீஷ். இரண்டையும் இங்கே தமிழில் தருகிறேன், என் மானம் கொஞ்சம் மிஞ்சட்டும்.

பம்புசெட்டு

முதல் சவாரி. மீனம்பாக்கத்தில் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போகிறேன். கிளியனூர் தாண்டியதும் ரோட்டோரத்தில் பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளை வெளேரென்று தொட்டியில் விழுகிறது. "குளிக்கலாமா?" என்றார்கள். தாராளமாக என்றேன். நம் ஊரில் பம்புசெட்டில் குளிக்க யாரையாவது யாராவது தடுத்ததுண்டா? எதிர்ப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தொட்டியின் மேல் யூர்கன் பிறந்த மேனிக்கு நின்று தலைத் தண்ணீரை உதறிக்கொண்டிருக்கிறார். இங்க்ரிட் அம்மா சட்டைப் பொத்தானில் கை வைத்திருக்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, இங்க்ரிட்டைச் சுற்றி வட்டமாக, முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். ஆறு முந்தானைகள் விரிந்து ஒரு அறையே கட்டினது போல ஆகிவிட்டது. அதற்குள் அந்த அம்மாவுக்கு யாரோ உள்பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளிக்கவும் வைத்துவிட்டார்கள். யூர்கனுக்கு நான்தான் கதி. தோளில் கிடந்த என் நீலக் கட்டம் போட்ட துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாரும் பாக்கல! ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினேன். பாதி ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் கற்ற முதல் தமிழ் அதுதான். பிறகு ஏர்போர்ட் வரிசையிலும் அதைத்தான் சொன்னார்கள், இட்லி வரத் தாமதமானாலும் அதைத்தான் சொன்னார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு களை எடுத்த பெண்களில் மூத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நின்றேன். உண்மையான கவலையோடு கேட்டார்: "ஏம்பா டிரைவரு, அவங்க ஊர்ல இன்னா துணிப்பஞ்சமா?"

அட்டவணை

அடுத்த தையில் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனோம். இங்க்ரிட் போட்டிருந்த கவுனுக்குக் கை இல்லை. கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. பம்புசெட்டுக்குப் பிறகு டிக்கியில் நாலு துண்டு போட்டு வைத்திருந்தேன்; அதில் ஒன்றை எடுத்துத் தோளை மூடச் சொன்னேன். யூர்கன் அரைக்கால் சட்டை. அவருக்கு என் நாலு முழ வேட்டி. மூடி முடித்து உள்ளே போனால் பிராகாரத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள் இடுப்பில் ஈர வேட்டியோடு, மேலே ஒன்றுமில்லாமல், அங்கப்பிரதட்சணம் உருண்டுகொண்டிருக்கிறார்கள். தொந்தியும் முதுகும் கல்லில் புரளுகின்றன.

இங்க்ரிட் அவர்களைப் பார்த்தார். தன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். வெளியே வந்து இங்க்ரிட் வண்டியில் ஏறினார். கதவைச் சாத்திய பிறகு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "ஏழுமலை, எனக்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடு. யார், எந்த இடத்தில், எவ்வளவு கழற்றலாம்?"

ரோட்டோரம்

அந்த அட்டவணையை இன்றுவரை என்னால் போட முடியவில்லை. போட உட்கார்ந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று கெடுத்தது. ஒரு தடவை விக்கிரவாண்டி பக்கம் ஒரு கல்யாண பஸ் நின்றிருந்தது. இறங்கிய ஆண்கள் அத்தனை பேரும் பட்டு வேட்டி சட்டையோடு ரோட்டுக்கு முதுகைக் காட்டி, வேலியோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் நின்றிருப்பீர்கள், நானும் நின்றிருக்கிறேன். நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். ஆனால் அம்பாசிடர் என்றைக்கு அவசரத்துக்கு உதவியிருக்கிறது? பின் சீட்டிலிருந்து யூர்கன் மிக அமைதியாகச் சொன்னார்: "நாங்கள் குளிக்க மட்டும்தான் கழற்றினோம்."

எங்கள் வீட்டுக் குளியல்

எனக்குக் கல்யாணமாகி, பையன் பிறந்து, அவனுக்கு ஒன்றரை வயது. இரண்டு பேரையும் பிரம்மதேசத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். பையன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் ஒரு வெள்ளிக் காசு, வேறொன்றும் இல்லை. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். "இவனுக்கு மட்டும் ஏன் துண்டு கிடையாது?" என்று இங்க்ரிட் கேட்டார். என் மனைவி சகுந்தலா சாம்பார் ஊற்றிக்கொண்டே, "அதான் கயிறு கட்டிக்கிறானே" என்றாள். அவளைப் பொறுத்தவரை கேள்வி அதோடு முடிந்துபோனது.

அன்றைக்கு மாட்டிக்கொண்டது நான். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கூச்சம். பூட்டிய அறையாக இருந்தாலும் இடுப்பில் துண்டில்லாமல் குளிக்க மாட்டேன். டாக்டரிடம் போனால் சட்டைப் பொத்தானில் இரண்டுக்கு மேல் கழற்ற மாட்டேன். சகுந்தலாவே இதற்கு என்னைக் கேலி செய்வாள். கொல்லைப்புறத்தில் ஓலைத் தட்டி நாலு பக்கமும் அடைத்த குளியலறையிலிருந்து நான் ஈரத் துண்டோடு வெளியே வந்ததை யூர்கன் பார்த்துவிட்டார். உள்ளே போய் நாலு தட்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கேலி துளியும் இல்லாத முகத்தோடு கேட்டார்: "உள்ளே யார் இருந்தார்கள், நீ வெட்கப்பட?"

கயிறு

மரக்காணம் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கோவணத்தோடு. இதைக் கண்டதும் யூர்கனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நானும் இழுக்கிறேன், எனக்கும் ஒன்று கட்டிவிடுங்கள் என்றார். கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பிடித்து அதற்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். ஐந்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம். வலைக்காரர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். "டிரைவரே, பேஜாராப் போச்சு. இடுப்புல கயிறே இல்ல அவருக்கு. கோவணத்த எதுல சொருவறது?" என்றார். அரைஞாண் இல்லாத ஆம்பளையை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கடைசியில் வலை நூலையே மூன்று பிரியாகத் திரித்து இடுப்பில் முடிச்சுப் போட்டார்கள். யூர்கன் மாலைவரை வலை இழுத்து, முதுகெல்லாம் வெந்துபோய், இரண்டு சங்கரா மீனைச் சம்பளமாக வாங்கி வந்தார். கயிற்றைக் கழற்றவில்லை.

அவர்கள் ஊரில் வெந்நீராவிக் குளியல் என்று ஒன்று உண்டாம். ஆணும் பெண்ணுமாக, அக்கம்பக்கத்துக்காரர்களாக, ஒட்டுத் துணியில்லாமல் ஒரே மர அறையில் உட்கார்ந்து வேர்ப்பார்களாம். அதைக் கேட்ட அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பி, அந்தக் குளியலுக்குப் போய்விட்டு வந்து யூர்கன் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். ஸ்டாண்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரை விட்டுப் படிக்கச் சொன்னேன். "எல்லோரும் என் இடுப்புக் கயிற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த அறையில் உடை உடுத்தியிருப்பவன் நான் ஒருவன்தான் என்று சொல்லிவிட்டேன்."

நடந்து போனவர்

ஒரு காலை மேல்சித்தாமூர்ப் பக்கம் வண்டி மெதுவாகப் போகிறது. எதிரே ஒரு திகம்பர சமண முனிவர் நடந்து வருகிறார். உடம்பில் நூலிழைகூட இல்லை. கையில் மயிலிறகுக் கொத்து. பின்னால் பத்துப் பேர் பயபக்தியோடு. ரோட்டில் வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்று கும்பிட்டார். நானும் வண்டியை ஓரங்கட்டிக் கீழே இறங்கிக் கையெடுத்தேன்.

யூர்கன் கேமராவைத் தொடவில்லை, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி வராமல் இருக்குமா? "பம்புசெட்டில் நானும் இதே உடையில்தான் இருந்தேன். என்னைப் பார்த்துக் கத்தினாய், இவரைக் கும்பிடுகிறாய். என்ன வித்தியாசம்?" பதில் சொல்ல ஆள் தேடினேன். முனிவர் பின்னால் போனவர்களில் கடைசியாக ஒரு பெண் செம்பில் தண்ணீரோடு நடந்து வந்துகொண்டிருந்தார். தயங்கித் தயங்கி அவரிடம் பம்புசெட்டுக் கதையைச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நடையை நிறுத்தாமலே யூர்கனைப் பார்த்துச் சொன்னார்: "அவரு எல்லாத்தையும் வுட்டுட்டாருங்க. நீங்க துணிய மட்டும்தான வுட்டீங்க?"

கத்தரி

2011 தை. அம்பாசிடர் போய் இண்டிகா வந்துவிட்டது. யூர்கனுக்கு முட்டியில் ஆபரேஷன், அதனால் இங்க்ரிட் அம்மா மட்டும் வந்திருந்தார். திருவாமாத்தூருக்குப் போகும் வழியில், காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த வயிற்று வலி விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்னை மடக்கிப் போட்டுவிட்டது. எப்படியோ வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் புண்ணியவான். தன் லாரியை அப்படியே நிறுத்திவிட்டு, என் வண்டியிலேயே எங்களை விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். சகுந்தலா போனில் "சரி" சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். நான்தான் சரி சொல்லவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு பச்சை அங்கியைப் போடச் சொன்னார்கள். அந்த அங்கிக்கு முதுகுப் பக்கமே கிடையாது. கட்டிலைச் சுற்றியிருந்த திரை முழங்கால் உயரம் குறைவு, அகலமும் பற்றவில்லை. சின்னப் பெண்களாக இரண்டு நர்சுகள். எதிரில் பத்துக் கட்டில், ஒவ்வொன்றிலும் பார்க்க வந்தவர்கள் நாலு பேர். இது போதாதென்று ஒரு ஆள் கத்தரியோடு வந்து அரைஞாணை அறுக்க வேண்டும் என்கிறார். லுங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "கயித்துல கத்தரி வெச்சீங்க, எழுந்து போய்க்கினே இருப்பேன்" என்று கத்தினேன். "உள்ள வெடிச்சிதுன்னா உயிருக்கு ஆபத்துங்க, புரியுதா?" என்றார் டாக்டர். புரிந்தது. கை விடவில்லை. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு எனக்கு உயிர் பெரிதாகத் தெரியவில்லை.

வெளியே இருந்த இங்க்ரிட் அம்மா எட்டிப் பார்த்தார். லுங்கியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் விடுவிடுவென்று போனார். வெயிலில் நின்ற வண்டியின் டிக்கியைத் திறந்து நாலு துண்டையும் அள்ளிக்கொண்டு வந்தார். நர்சுகளிடம் விரித்துப் பிடிக்க ஆளுக்கொன்று, கத்தரிக்காரர் தோளில் என்னை மூட ஒன்று. நாலாவதைத் தன் இரண்டு கையாலும் அகல விரித்துக்கொண்டார். எனக்கு முதுகைக் காட்டி, வார்டு மொத்தத்துக்கும் முகத்தைக் காட்டி நின்றார். எழுபது வயதுக் கை இறங்கவில்லை. பாதி விழுப்புரம் அவர் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பாமலே, நான் கற்றுக்கொடுத்த அதே தமிழில் சொன்னார்: "யாரும் பாக்கல, ஏழுமலை. ஜல்தி, ஜல்தி."

நான் கையை விட்டேன்.

கண் விழித்தபோது சாயங்காலம். முதலில் இடுப்பைத் தடவினேன். கயிறு இல்லை, ஆனால் போர்வைக்கு மேல் துண்டு ஒன்று ஓரம் மடித்துச் சொருகியிருந்தது. சகுந்தலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலில் இங்க்ரிட் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வலி என்று சொல்லிப் பார்த்தேன், சகுந்தலா நம்பவில்லை. "பதினெட்டு வருசமா அவங்களுக்கு நீ துண்டு புடிச்ச. ஒரு நாளு உனக்கு அவங்க புடிச்சாங்க. அதுக்கு ஏன்யா அழுவுற?"

இப்போதெல்லாம் டிக்கியில் ஐந்து துண்டு வைத்திருக்கிறேன்: நாலு சவாரிக்கு, ஒன்று டிரைவருக்கு.