ஏலகிரியில் ஸ்டெல்லாவின் தோட்டம்

இரண்டாவது சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. காலை ஏழரை மணிக்கு நானும் அப்பாவும் ஆம்பூரில் வாணியம்பாடி பஸ் ஏறினோம். அங்கிருந்து பொன்னேரி வழியாக ஏலகிரிக்கு இன்னொரு பஸ். மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

மலைமேல் ஒரு பழைய பங்களா இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தோல் வியாபாரி ஒருவர் கோடையில் தங்குவதற்காகக் கட்டியது. அதன் தோட்டத்துக்கு இப்போது பொறுப்பு என் தங்கை ஸ்டெல்லா. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு, அவளும் என்னைப்போல டீச்சராக வேண்டும் என்று ஆசை. அவள் தோட்டக்கலை படிக்கப் போகிறேன் என்றபோது, செடிக்குத் தண்ணி ஊத்த எதுக்கு காலேஜ் என்று கேட்டார். அவள் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அவர் மலை ஏறவில்லை. இந்த முறை நான் விடாமல் கேட்டதால்தான் வந்தார்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. பத்து மணிக்குப் பங்களா வாசலில் இறங்கினோம். நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய். ஸ்டெல்லா வீட்டு ஆட்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று வாசலில் இருந்தவர் சொல்லியும் அப்பா இரண்டு டிக்கெட் வாங்கினார்.

வீடு கருங்கல்லும் தேக்குமாக உறுதியாக நிற்கிறது. ஆனால் வருகிறவர்கள் அதிகம் நிற்பது வீட்டுக்குப் பின்னால், சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் தோட்டத்தில்தான். மேலே ரோஜாப் பாத்திகள். கீழே செண்பகமும் மகிழமும் பலாவும் சேர்ந்த நிழல். ஸ்டெல்லா வந்தபோது கீழ்த் தோட்டம் முழுக்க உண்ணிச்செடிப் புதராம். அதை வெட்டியபோது மண்ணுக்கடியில் கல் கால்வாய்கள் தெரிந்தன. மழைநீரைக் குளத்துக்குக் கொண்டுபோகும் அந்தக் கால்வாய்களை அவளும் மலைக் கிராமத்து ஆட்களும் தூர்வாரி மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள்.

ஸ்டெல்லா எங்களைப் பார்த்துச் சிரித்தாள், முகத்தில் மட்டும் களை இல்லை. பங்களாவின் சொந்தக்கார அம்மா சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியரோடு வந்திருந்தார். கீழ்த் தோட்டத்தைச் சமன் செய்து கார் நிறுத்துமிடம் ஆக்குவது அவர்கள் திட்டம். நீங்கள் சுற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர்களோடு கீழே போனாள். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனோம்.

லீவு நாட்களில் கார்கள் ரோட்டை அடைத்து நிற்பதை இன்ஜினியர் விவரித்தார். இங்கே ஐம்பது கார் நிறுத்தலாம் என்றார்.

"அவர் சொல்றதும் நியாயம்தானே, ஸ்டெல்லா?" என்றார் அந்த அம்மா.

ஸ்டெல்லா அவர் பக்கம் திரும்பினாள். அப்பா கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், யாரும் கார் நிறுத்துறதுக்காக மலை ஏறி வர்றதில்ல. இந்த நிழலுக்குத்தான் வர்றாங்க. கேட்டுக்கு வெளிய நம்ம காலி இடம் இருக்கு, அங்க நிறுத்திட்டு நடந்து வரட்டும்."

அங்கே முப்பது கார்கூட நிற்காது என்றார் இன்ஜினியர்.

"கம்மியாவே வரட்டும் சார். மரத்த வெட்டிட்டா அப்பறம் அவங்களுக்கு இன்னா காட்டுறது?"

அந்த அம்மா கால்வாய் ஓரம் குனிந்து தண்ணீரில் கை நனைத்தார். கோடையில் வற்றிவிடுமா என்று கேட்டார். போன மே மாதத்தில்கூட வற்றவில்லை என்றாள் ஸ்டெல்லா. செண்பகத்தடிக் கல் பெஞ்சில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, வெளியே இருக்கும் இடத்தை அளந்து பாருங்கள் என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

மதியம் அதே பெஞ்சில் மூவரும் லெமன் சாதம் சாப்பிட்டோம். கை கழுவியதும் அப்பா, "அந்தக் கால்வா எங்கருந்து வருதுன்னு காட்டும்மா" என்றார். இருவரும் மேலே ஏறிப் போனார்கள். திரும்பி வரும்போது அவர் வேட்டியெல்லாம் சேறு. ஸ்டெல்லா விடாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

நான்கு மணி பஸ்ஸில் மலை இறங்கினோம். ஆம்பூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்லை. அங்கே வளர்ந்தவள்தான் ஒரு மலைச்சரிவையே பச்சையாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அப்பா பக்கத்து சீட்டு நாட்றம்பள்ளிக்காரரிடம் கால்வாய், குளம், செண்பகம் என்று விவரிக்கத் தொடங்கியிருந்தார். நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க. எங்க சின்னப் பொண்ணோட தோட்டம் அது. ஒரு நாள் குடும்பத்தோட போய்ட்டு வாங்க."