மேடையேறிய எங்கள் வீட்டுச் சண்டை

சிரிக்க வைக்கும் தொழிலில் பெரிய கஷ்டம், சரக்கு விலைபோனதா இல்லையா என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடுவதுதான். கல்யாண வீட்டிலோ ஆபீஸ் பார்ட்டியிலோ ஒரு ஜோக்கைச் சொல்லி முடித்து, சுற்றி இருந்தவர்கள் "அப்புறம்?" என்று கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் நம்ம ஆள். மேற்கொண்டு படியுங்கள்.

நான் பேச்சிமுத்து. திருநெல்வேலிப் பக்கம். துபாயில் ஏசி பராமரிப்புக் கம்பெனியில் வேலை, லீவு நாட்களில் மேடைக் காமெடி. மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி. பல் கிளினிக் ஒன்றில் ரிசப்ஷனிஸ்ட். வேலைக்கு வந்த இடத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். மகள் கயல் ஆறாம் வகுப்பு. கராமாவில் பழைய கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறோம். ஜனங்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிப்பதில்லை என்பது இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. சிலவற்றைச் சொல்கிறேன், உங்களுக்காவது பிடிபடுகிறதா பாருங்கள்.

சொதி

ஆரம்பத்தில் நான் தனி ஆள்தான். ஒரு சங்கத்தின் பொங்கல் விழாவில் மனைவியின் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலும் சொதி உண்டு, யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. எங்களுடையது பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுக் கெட்டியாக வைப்பது. அவர்களுடையது இடியாப்பத்தின் மேல் தண்ணியாக ஊற்றுவது. "எங்க ஊருல அதுக்குப் பேரு சொதி இல்ல, பாத்திரம் கழுவுன தண்ணி" என்றேன்.

மூன்றாவது வரிசையில் இருந்த சுகந்தி எழுந்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, அந்தத் தண்ணியைத்தானே காலமை கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சனீங்கள்?" மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது. ஒரே சிரிப்பு. நான் பதில் சொல்ல, அவள் திருப்பிக் கொடுக்க, சண்டை கால் மணி நேரம் போனது. அவளுக்கு நிஜமாகவே கோபம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இறங்கியதும் சவுண்ட் சிஸ்டம் பையன் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னான்: "அண்ணே, இன்னைக்கு வீட்டுக்குப் போகாதீங்க. என் ரூம்ல ஒரு பெட் காலியா இருக்கு."

கோணல் சட்டை

அதன்பிறகு இருவரும் ஜோடியாக மேடையேறினோம். ஜோடி என்றால் உடுப்பு வேண்டுமே. சத்வாவில் ஒரு லக்னோக்காரத் தையல்காரரிடம் போய், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை தைக்கச் சொன்னேன். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். மறுமுறை போனால் சட்டை தயார், இரண்டு கையும் ஒரே அளவு. "பாய், கோணலா கேட்டேனே, அப்பத்தான் ஜனங்க சிரிப்பாங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அரே பாய், சட்டையைப் பார்த்துத்தான் சிரிப்பாங்கன்னா, சட்டையை மட்டும் அனுப்பு. நீ எதுக்குப் போறே?"

போன் கால்

ஷார்ஜா தாண்டி ஒரு லேபர் கேம்ப். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெஸ் ஹாலில் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் எந்த ஊரிலும் தோற்காத ஐட்டம் ஒன்று இருந்தது. புருஷன் துபாயில், பொண்டாட்டி ஊரில், வீடியோ காலில் நெட் விட்டு விட்டு வரும். அவள் ஒன்று சொல்ல இவன் காதில் வேறொன்று விழும். அங்கே அதை ஆரம்பித்தோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். சுகந்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

அந்த நேரம் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பஞ்சாபி ஃபோர்மேனுக்கு நிஜமாகவே போன் வந்தது. யாரோ பெரிய ஆள் போலிருக்கிறது. "ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி" என்று குழைந்தார். வைத்ததும் பின்னால் திரும்பி, வழி மறித்து உட்கார்ந்திருந்தவனை "ஹட்டோ, ஜல்தி!" என்று உறுமினார். என் வாய் சும்மா இருக்குமா? இரண்டு குரலையும் அப்படியே செய்துவிட்டேன். ஹால் வெடித்தது. அடுத்த நொடி கப்சிப். எல்லோரும் ஃபோர்மேன் முகத்தைப் பார்த்தார்கள். நாளைக்கு சைட்டில் இவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும். அவர் எழுந்து மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்கினார். சுகந்தி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஃபோர்மேன் தொப்பையை எக்கிக்கொண்டு "ஹாஞ்ஜி" என்றார், தொப்பையைத் தள்ளிக்கொண்டு "ஜல்தி!" என்றார். கூரை பறந்துவிடும் போலிருந்தது.

பிரியாணி சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த ராமநாதபுரத்துத் தம்பியிடம், முதல் ஐட்டத்துக்கு ஏன் யாருமே சிரிக்கவில்லை என்று கேட்டேன். எலும்பைக் கடித்தபடி சொன்னான்: "போன் ஜோக்கு வேணாம்ணே. இப்பத்தான் எல்லாரும் வீட்ல பேசிட்டு வந்து உக்காந்தோம்."

கவுன்சிலர் கேட்ட கேள்வி

கயல் மேடை ஏற மாட்டாள். வீட்டில் எங்களிடம் பேசுவதே பாதி இங்கிலீஷ். மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்வாள். ஒருநாள் அவள் ஸ்கூலிலிருந்து, பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா எங்கள் இருவரையும் உடனே வரச் சொன்னார். பெற்றோர் வேலை என்ன என்று வகுப்பில் கேட்டதற்கு, "அவங்க வீக்எண்டுல சண்டை போடுவாங்க, அதைப் பார்க்க நிறைய பேர் வருவாங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பயந்துபோய் போனில் இருந்த நிகழ்ச்சி வீடியோவைக் காட்டினோம். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் முழுதும் பார்த்தார், இரண்டு இடத்தில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "வீக்எண்டு புரிகிறது. மற்ற நாட்களில்?"

அல் கோபாரிலிருந்து அழைப்பு

போன வருஷம் சவுதியில் இருக்கும் அல் கோபாரிலிருந்து ஒரு குடும்ப சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டார். எங்கள் வீடியோவை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தார். பிறகு கொஞ்சம் இழுத்து, அக்கா மட்டும் வந்தால் போதும் என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டு போனை வைத்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சுகந்தி, "உங்களை விட்டுட்டு நான் தனியப் போய் ஆரோடை சண்டை பிடிக்கிறது? ஏலாதெண்டு சொல்லிவிடுங்கோ" என்றாள். அதுவே போதும் என்றுதான் முதலில் இருந்தது.

ஆனால் மனசுக்குள் ஒரு ஆசை அரித்தது. நான் ஒரு தடவைகூட எதிரே உட்கார்ந்து இவளைப் பார்த்ததில்லை. அங்கிருந்து எப்படித்தான் தெரிவாள்? "நீ போறே. நானும் பிள்ளையும் சும்மா பார்க்க வாரோம்" என்றேன். புருஷன் வேஷத்துக்கு யார் என்று செயலாளரிடம் கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னார்: "கவலப்படாதீங்கண்ணே, எங்ககிட்டயே நல்ல புருஷன் ஒருத்தர் இருக்கார்."

உள்ளூர்ப் புருஷன்

அந்த நல்ல புருஷனுக்கு நிகழ்ச்சியன்று எமர்ஜென்சி டூட்டி. பிளான்ட்டிலிருந்து வெளியே வர முடியவில்லை. வாடகைக்கு எடுத்த தோட்டவீட்டில் புல்தரை நிறையக் குடும்பங்கள், பிள்ளைகள். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு மேடைப் பக்கம் போனேன். சுகந்தி கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்கள் இருங்கோ. இவள் செய்யப்போறாளாம்." பார்த்தால் கயல். என் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அம்மா தனியாக மாட்டிக்கொண்டதைப் பார்த்து அவளாகத்தான் கேட்டாளாம்.

திரும்பிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். தமிழே தடுமாறும் பிள்ளை. இத்தனை பேர் முன்னால் வாய் அடைத்து நின்றுவிட்டால்? கயல் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டாள், மூக்கைத் துடைத்தாள், தொண்டையைக் கனைத்தாள். "ஏட்டி, நான் சொல்லுதத கேக்கியா, இல்லியா?" அப்படியே என் குரல். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பேன்ட், மூக்கு, கனைப்பு. நான் இதெல்லாம் செய்வேன் என்று எனக்கே தெரியாது. சுகந்தியால் வசனம் பேச முடியவில்லை, மேடையிலேயே குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், எந்த இடத்தில் ஆரம்பித்தேன் என்று தெரியாமலே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் விலாவில் இடித்து, "இப்படியும் ஒரு புருஷன் இருப்பானா சார்?" என்றார். நான்தான் அது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எழுந்து நின்று, பேன்ட்டை இழுத்துவிட்டு, மூக்கைத் துடைத்து, கனைத்துக்காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவால்ல சார், ஆனா அந்தப் பிள்ள அளவுக்கு வரல."

ஊரைச் சிரிக்க வைக்கப் போன எனக்குக் குடும்பத்தின் எதிரே உட்கார்ந்து சிரிக்கும் டூட்டி கிடைத்திருப்பது, பதவி உயர்வா இறக்கமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.