மூன்று நாள் வேலை, நான்கு நாள் மாவு

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதருக்கு அந்தத் தெருவில் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். அதிர்ந்து பேசமாட்டார். எந்த இயந்திரத்தின் முன்னால் நின்றாலும் முதலில் காதைக் கொடுப்பார், அப்புறம்தான் கையை நீட்டுவார்.

அவருடைய நிறுவனத்திடமிருந்து இரண்டு பெரிய கட்டடங்களின் பராமரிப்பு வேலை நழுவிப் போனது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மூன்று நாளுக்குத்தான் சம்பளம் என்றார்கள். அந்த மட்டும் தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி சலவைக்கடையில் துணிகளை அளவு திருத்தும் தையல்காரி. எதை எங்கே பிடித்துத் தைக்கலாம் என்பது அவளுக்குத் துணியிலும் தெரியும், வீட்டுச் செலவிலும் தெரியும். அன்று மாலையே முதல் வெட்டு விழுந்தது. சனிக்கிழமைதோறும் வாங்கும் கடை பீட்சா இனி இல்லை.

இரண்டு மகள்கள். பெரியவள் தட்டைக் கழுவப் போனாள். எட்டு வயதுச் சின்னவள், "பரவால்லப்பா, பீட்சா உடம்புக்கு ஆகாதுன்னு டீச்சரே சொல்லியிருக்காங்க," என்றாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பார். இந்த ஆறுதலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கடையிலதானே வாங்க வேணாம்? நான் பண்றேன். தினம் வாங்குற ரொட்டியும் நானே போடறேன்," என்று வாயை விட்டுவிட்டார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? வெந்நீர் வைக்கவே என்னைக் கேப்பீங்களே!"

செவ்வாய்க்கிழமை அவருக்கு வேலை இல்லாத நாள். மைதா, உப்பு, ஒரு பொட்டலம் ஈஸ்ட் வாங்கி வந்தார். சூடாக ஊற்றினால் சீக்கிரம் உப்பும் என்று நினைத்துக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினார். பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆகியும் மாவு இம்மி அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அதையே ஓவனில் வைத்து எடுத்தார்.

மாலையில் வந்த மனைவி அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது. "நல்லதாப் போச்சு. காத்துக்குக் கதவு அடிச்சுக்குது, முட்டுக் கொடுக்க ஒண்ணு தேடிட்டிருந்தேன்."

பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் சிரித்துவிட்டார். பெரியவள் காலிப் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள். "ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்காம்ப்பா. கை பொறுக்குற சூட்டுலதான் தண்ணி ஊத்தணுமாம். நீங்க அதைக் கொன்னுட்டீங்க."

உயிர் இருக்கிறது என்ற பேச்சு அவர் மனதில் தங்கிவிட்டது. அடுத்த முறை தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்து ஊற்றினார். பிசுபிசுவென்று விரலோடு ஒட்டிக்கொண்டிருந்த மாவு, பத்து நிமிடம் விடாமல் பிசைந்ததும் தானாகவே கையை விட்டுப் பிரிந்து வழுவழுவென்று திரண்டது. குளிர்ந்த நாட்களில் பாத்திரத்தை ஃபிரிட்ஜின் கதகதப்பான மேல்புறத்தில் தூக்கி வைத்தார். ஒரு மாதத்துக்குள் ரொட்டி ரொட்டியாகவே வந்தது. கடையில் ஒன்று வாங்கும் காசில் வீட்டில் மூன்று கிடைத்தது.

ஒரு சங்கடம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எட்டு வருடமாகத் தினமும் மாலையில் முனை ரொட்டிக்கடையில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டுதான் அவர் வீடு திரும்புவார். இப்போது அந்தக் கடை வாசலை வெறுங்கையோடு கடக்கக் கூசியது. பெட்ரோல் பங்கைச் சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாக வீடு போய்ச் சேர்ந்தார்.

ஒருநாள் மருந்துக்கடையில் ரொட்டிக்கடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். இவர் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. "என்ன லிஃப்ட்காரரே, ஆளையே காணோம்? என் ரொட்டியில ஏதாவது குறையா? இருந்தா சொல்லிடுங்க, மனசுல வச்சுக்காதீங்க."

லிஃப்ட்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "ஐயோ, குறையெல்லாம் இல்ல. வேலை மூணு நாளாயிடுச்சு. வீட்டுலயே போட்டுக்கறோம். உங்க முகத்தைப் பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் பின்தெரு வழியாப் போயிட்டிருந்தேன்."

"அதுக்கா ஊரைச் சுத்திப் போனீங்க? செருப்புத் தேய்ஞ்ச காசுல நாலு ரொட்டி வாங்கியிருக்கலாமே!" அவர் குரல் தணிந்தது. "நாளைக்கு நீங்க போட்டதைக் கொண்டு வாங்க, பாக்கலாம்."

மறுநாள் லிஃப்ட்காரர் தம் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர்போல் போனார். கடைக்காரர் அதை இரண்டாக அறுத்தார், கட்டைவிரலால் அமுக்கினார், முகர்ந்தார்.

"மேல அருமையா வந்திருக்கு. நடுவுலதான் ஈரம். ஓவன்லேர்ந்து இன்னும் கொஞ்சம் கழிச்சு எடுங்க. சூட்டோடயே வெட்டிடுறீங்களா?"

"பொண்ணுங்க விட்டாத்தானே!"

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும்," என்றபடி அவர் உள்ளே போய், மூட்டையிலிருந்து மாவும் டப்பாவிலிருந்து ஈஸ்ட்டும் அளந்து கொண்டுவந்தார். "பொட்டலமா வாங்காதீங்க, தலையில மொளகா அரைச்சிடுவாங்க. எனக்கு என்ன விலை விழுதோ அதைக் கொடுங்க போதும். பீட்சாவுக்குன்னா மாவை முந்தின நாளே பிசைஞ்சு ஃபிரிட்ஜ்ல வச்சிடுங்க."

"உங்க வியாபாரம் குறையுதே?"

"ரொட்டி வாங்குறவர் போனாரு, மாவு வாங்குறவர் வந்தாரு. எனக்கு ஆள் ஒண்ணுதானே!"

அன்று லிஃப்ட்காரர் நேர்வழியிலேயே வீடு திரும்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை மாவு பிசைந்து, சனிக்கிழமை பீட்சா போட்டார். வட்டம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. "செருப்பு மாதிரி இருக்குப்பா," என்றாள் சின்னவள். மனைவி அவரைத் தோளால் தள்ளிவிட்டு மாவைக் கையில் வாங்கினாள். ஓரத்தைப் பிடித்து, துணியின் சுருக்கம் நீவுவதுபோல் சுற்றிச் சுற்றி இழுத்தாள். அச்சு வைத்தாற்போல் வட்டமாக வந்தது. சீஸ் விலைதான் கையைக் கடித்தது. அதைப் பெயருக்குத் தூவி, வெங்காயத்தையும் தக்காளியையும் தாராளமாகப் பரப்பினார். கடை பீட்சாவின் ருசி இல்லைதான். ஆனால் தட்டில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு புதிய மருத்துவமனையின் லிஃப்ட்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தன. ஆறு நாள் வேலை திரும்பி வந்தது. முழுச் சம்பளம் வந்த அன்று அவர் முனைக்கடைக்குள் நுழைந்து ஒரு ரொட்டி கேட்டார்.

"என்ன, மாவு உப்பலையா?" என்றார் கடைக்காரர்.

"மாவெல்லாம் உப்புது. நேரந்தான் இல்ல."

ரொட்டி போடுவது அத்தோடு நின்றது. பீட்சா நிற்கவில்லை. வேலை விட்டு வந்து எவ்வளவு அசதியாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலை மாவில் கை வைத்துவிடுவார். கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று மனைவி ஒருமுறை சொன்னபோது, சின்னவள்தான் முதலில் வேண்டாம் என்றாள்.

ஒரு சனிக்கிழமை பெரியவளின் தோழி ஒருத்தி வந்திருந்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "எந்தக் கடையில வாங்கினீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"கடையா? எங்க வீட்டு லிஃப்ட்காரர் போட்டது," என்றாள் மனைவி.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் அடுப்படியைப் பார்த்தாள். முழங்கை வரை மாவோடு நின்றிருந்த மனிதர், "இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்டார்.