கதவோரக் கட்டில்

மகளுக்குப் பதினான்கு வயதான கோடையில்தான் நாங்கள் முதன்முதலாக ஒரு வான் வண்டிக்குள் குடியிருந்தோம். நோர்வேயின் தெற்குக் கரையில் ராட்டினங்கள் சுற்றும் பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்துப் புல்வெளியில் வாகனத்தை நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்து உறங்கலாம். தன் வகுப்பில் எல்லோரும் அப்படிப் போய்விட்டார்கள் என்று மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நோர்வேக்காரி தன்னுடைய பூபீலை ஒரு வார இறுதிக்குத் தருவதாகச் சொன்னாள். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் உள்ளே பொருத்திய வானுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். அதற்குப் பிறகு மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

என் கணவர் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறார். எங்கள் வீடு இருக்கும் லோறென்ஸ்கூக்கிலிருந்து புறப்பட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுரங்கப் பாதைகளில் பாட்டுக்கூடப் பாடினார். போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கள் அறியாமை தெரிந்தது. எங்களுக்குத் தந்த இடம் சரிவாக இருந்தது. நான் முட்டை பொரிக்கப் போக, அது சட்டியின் ஒரே மூலைக்கு ஓடி ஒதுங்கியது. அடுத்த வாகனத்துக் கிழவர் சிரிக்காமல் வந்து, சில்லுகளுக்குக் கீழே வைக்க இரண்டு மஞ்சள் ஆப்புகளைத் தந்துவிட்டுப் போனார்.

பூங்காவில் மகள் என்னை மரத்தாலான பெரிய ராட்டினத்தில் ஏற்றினாள். உச்சியிலிருந்து விழும்போது நான் அம்மாளாச்சியைக் கூப்பிட்டேனாம். கணவர் ஏறவில்லை. எங்கள் பைகளையும் குடைகளையும் சுமந்துகொண்டு கீழே நின்றார். ஒவ்வொரு சுற்றுக்கும், பஸ்ஸை மறிக்கிறவர் போலக் கையை உயர்த்திக் காட்டினார்.

பின்னேரம் வெளியில் அடுப்பை வைத்து மீன்குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. சட்டியோடு நானும், கோப்பைகளோடு அவரும் உள்ளே ஏறினோம். கடைசியாக ஓடிவந்த மகள் கதவை இழுத்துச் சாத்தினாள். வானின் இழுவைக் கதவு அது. தண்டவாளத்தில் ஓடிவந்து, தடாலென்று பூட்டில் விழுந்தது. வெயிலுக்காகக் காலையில் இறக்கிவிட்ட திரைகள் அப்படியே இருந்ததால் உள்ளே இருட்டிவிட்டது.

அவர் கோப்பைகளை மேசையில் வைத்தார். கதவைத் திறந்தார். மேல்சட்டைகூட இல்லாமல் மழைக்குள் இறங்கிப் போனார்.

வெளியில் நனையும் கதிரைகளை எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ மின்சாரக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். குடையோடு போனேன்.

“என்னப்பா, நெஞ்சு நோகுதோ?”

“இல்லை. நீர் உள்ளுக்குப் போம். நான் வாறன்.”

“முகம் வெளிறிப்போச்சு. என்னெண்டு சொல்லுங்கோ.”

“அந்தக் கதவு,” என்றார்.

அவர் ஐரோப்பாவுக்கு வந்த கதை எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் விழாக்களில் அவரே சொல்லுவார். பூட்டிய லொறியில், தோடம்பழப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து வந்தது, இறங்கிய நாடு எதுவென்று தெரியாமல் ஒரு பொலிஸ்காரரிடமே வழி கேட்டது. எல்லோரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் இழுத்துச் சாத்தினவங்கள்,” என்றார். “உள்ளுக்குப் பிடி இல்லை. காத்தும் இல்லை. தட்டித் தட்டிப் பாத்தம். பிறகு தட்டுறதையும் விட்டிட்டம்.”

“இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லையே.”

“சொல்லி என்ன. அதில சிரிக்கிற இடம் ஒண்டும் இல்லை.”

குடையை அவர் பக்கம் சரித்தேன். திரும்பிப் பார்த்தால் மகள் எங்களுக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

“அப்பா, இந்தக் கதவுக்கு உள்ளுக்கும் பிடி இருக்கு. வாங்கோ, காட்டுறன்.”

கதவோரத்து நீள இருக்கைதான் இரவில் கட்டிலாகும். வந்து இறங்கியவுடனேயே அதைத் தனக்கென்று பிடித்து வைத்திருந்தாள். இப்போது தன் தலையணையையும் உறக்கப் பையையும் அள்ளிப் பின்பக்கம் எறிந்தாள். திரைகளை உயர்த்தினாள். கூரைச் சாளரத்தைக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

“படுங்கோ. கை எட்டுதோ பாருங்கோ.”

ஈரச் சட்டையோடு அவர் படுத்தார். கால்கள் இருக்கைக்கு வெளியே நீண்டன. கையை நீட்டிப் பிடியைத் தொட்டார்.

“எட்டுது.”

“திறவுங்கோ.”

திறந்தார்.

“இப்ப நீங்களே சாத்துங்கோ. ஆறுதலாச் சாத்துங்கோ.”

சத்தமே வராமல் சாத்தினார். மறுபடி திறந்தார். எத்தனை முறை அப்படிச் செய்தாரோ தெரியாது. சாரல் எங்கள் கால்களை நனைத்தது. குழம்பு ஆறிப்போனது. நாங்கள் இருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எழுந்து உட்கார்ந்து, “பசிக்குது,” என்றார்.

அன்று கதவைக் கைநுழையும் அளவு திறந்து வைத்துத்தான் படுத்தோம். நுளம்புகள் மூவரையும் பிய்த்துத் தின்றன. விடியற்காலையில் நான் கண் விழித்தபோது அவர் வாயைத் திறந்தபடி நல்ல உறக்கத்தில் இருந்தார். கதவு தானாக ஓடிச் சாத்திக்கொள்ளாதபடி, அந்த இடைவெளியில் மகளின் மேலங்கி சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. எப்போது எழுந்து வந்து செருகினாளோ.

திரும்பி வரும்போது முன்னிருக்கையில் தான் இருக்கப்போவதாக மகள் சொன்னாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் நோர்வே மொழியில் கேட்டாள், அவர் தமிழில் பதில் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் எனக்குச் சொற்கள் பிடிபடவில்லை. திராமன் நகரைத் தாண்டியபோது அவள் ஏதோ கேட்டாள். அவர் வீதியைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அவள் அவர் பக்கமாகச் சரிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இடையில் புகவில்லை.